ஓர் இன்னிங்ஸ் மட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வயதான விளையாட்டு வீரர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் பேஸ்பால் பந்துவீச்சாளர் கோஜி உவேஹாராவின் பெயரைப் பார்த்துவிட்டுத் தேடிப் படித்தேன். ஜப்பானில் முதல் ஆண்டிலேயே 20 ஆட்டங்களை வென்றவர், அமெரிக்கா போனதும் கடைசி ஒரு இன்னிங்ஸ் மட்டும் வீசுகிறவராகிவிட்டார். தொடக்க ஆட்டக்காரரை ஏழாவதாக இறக்குவது போலத்தானே இது? இதை ஏன் சாதனை என்கிறீர்கள்? எனக்கு பேஸ்பால் அவ்வளவாகப் பழக்கமில்லை. அவர் வீசியதில் ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்?

சு.

அன்புள்ள சு.,

அவரைப் பின்னுக்குத் தள்ளினார்கள் என்பது உண்மைதான். 2009-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அவரை எடுத்தது ஆட்டத்தைத் தொடங்கி வீசுவதற்காக. 12 ஆட்டங்கள் தொடங்கினார், அதற்குள் காயம், அந்த ஆண்டு அதோடு சரி. அடுத்த ஆண்டு, 35 வயதில், பின்னால் வந்து வீசுகிறவர்களோடு உட்காரவைத்தார்கள்.

ஆனால் ஏழாவது இடம் என்ற ஒப்பீடு பொருந்தவில்லை. இருபது ஓவர் ஆட்டத்தில் கடைசி ஓவர் யார் கைக்குப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். கடைசி இன்னிங்ஸை வீசி ஆட்டத்தை முடித்துவைக்கும் க்ளோசர் வேலை அந்த மாதிரி. மூன்று பேரை அவுட்டாக்க வேண்டும், தவறினால் திருத்திக்கொள்ள அடுத்த இன்னிங்ஸ் கிடையாது.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அசுர வேகக்காரர்கள். உவேஹாராவின் பந்து பெரும்பாலும் மணிக்கு 145 கிலோமீட்டரைத் தாண்டாது. அவரிடம் இருந்தது ஸ்ப்ளிட்டர்: விரல்களை அகட்டிப் பிடித்து வீசுவது, நேராக வருவது போல வந்து மட்டைக்கு முன்னால் சட்டென்று இறங்கும். அதைவிட முக்கியம், அவர் யாரையும் சும்மா நடக்க விடமாட்டார். அடிக்கும் எல்லைக்கு வெளியே நான்கு பந்து போனால் மட்டையாளர் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம், அதுதான் வாக். 2013-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக 73 ஆட்டங்களில் வீசி 101 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தைச் சரியாக அடிக்கவே விடாமல் அவுட்டாக்கினார். வாக் கொடுத்தது 9 பேருக்கு. நடுவில் தொடர்ந்து 37 பேர், ஒருவர்கூட பேஸுக்குப் போகவில்லை.

இந்த 9 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1999 ஞாபகம் வரும். அவர் யோமியூரி ஜயன்ட்ஸில் சேர்ந்த முதல் ஆண்டு, நீங்கள் சொன்ன அந்த 20 வெற்றி ஆண்டு. சக வீரர் ஹிதேகி மட்சுயியும் யாகுல்ட் அணியின் பெட்டாஜீனியும் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அதிகம் அடித்தவருக்கான பட்டத்துக்குப் போட்டியில் இருந்தார்கள். பெட்டாஜீனி அடிக்கக் கூடாதென்று, அவருக்கு வேண்டுமென்றே வாக் கொடுக்கச் சொன்னது அணி. உவேஹாரா கொடுத்தார். கொடுத்துவிட்டு பந்து வீச நிற்கும் மேட்டின் மண்ணை உதைத்தார், கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் பட்டம் பெட்டாஜீனிக்கே போனது, அது வேறு விஷயம்.

பின்னால் உட்காருவது அவருக்குப் புதிதும் அல்ல. உயர்நிலைப் பள்ளியில் அவர் மாற்றுப் பந்துவீச்சாளர், முதன்மையானவர் யோஷினோரி தடேயாமா. பல்கலைக்கழக நுழைவுத் தேர்விலும் முதல் முறை தோற்றார். ஒரு வருடம் இரவில் காவல் வேலை பார்த்துக்கொண்டே மறுபடி படித்தார். அந்த 19 வயதை மறக்காமலிருக்கத்தான் முதுகில் 19 என்ற எண், பாஸ்டனிலும் அதேதான். 2011-ல் டெக்சஸ் அணிக்கு மாற்றப்பட்டபோது அங்கே பின்னால் வந்து வீசுகிறவர்களோடு இருந்தவர் அதே தடேயாமா! கதையில் எழுதினால் நம்பமாட்டீர்கள்.

டெக்சஸில் நன்றாகவும் அடி வாங்கினார். அந்த ஆண்டின் பிளே ஆஃபில் தொடர்ந்து மூன்று முறை இறங்கி மூன்று முறையும் ஹோம் ரன் கொடுத்தார். இறுதிப் போட்டியான உலகத் தொடருக்கான அணியில் பெயரே இல்லை. இரண்டு வருடம் கழித்து பாஸ்டனில் க்ளோசர் ஆனதுகூட, முன்னால் இருந்த இருவரும் காயப்பட்டதால்தான். அப்போது அவருக்கு வயது 38.

எதைப் பார்க்கலாம் என்று கேட்டீர்கள். எல்லோரும் 2013 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தைச் சொல்வார்கள். மேட் கார்பென்டரை ஸ்ட்ரைக் அவுட் செய்து உவேஹாரா கோப்பையை முடித்துவைத்த ஆட்டம். நான் நான்காவது ஆட்டத்தைச் சொல்வேன். கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், எதிரணியான செயின்ட் லூயிஸ் இரண்டு ரன் பின்னால். அடிக்க நிற்பவர் கார்லோஸ் பெல்ட்ரான், பிளே ஆஃப் என்றாலே வெளுத்து வாங்குகிறவர். முதல் பேஸில் கோல்டன் வாங் என்ற இளைஞர், மாற்று ஓட்டக்காரர். எல்லோர் கண்ணும் பெல்ட்ரான் மேல். வாங் இரண்டு அடி கூடுதலாக நகர்ந்து நிற்கிறார். உவேஹாரா சட்டென்று திரும்பி முதல் பேஸுக்கு எறிகிறார், வாங் திரும்பப் பாய்கிறார், வழுக்குகிறது. அவுட். ஆட்டம் முடிந்தது. (நம் ஊர் கிரிக்கெட்டில் பந்து வீசாமல் எதிர்முனைக்காரரை அவுட்டாக்கினால் ஒரு வாரம் நியாய அநியாயம் பேசுவோம். அங்கே அது தொழிலில் ஒரு பகுதி.) உலகத் தொடரில் ஓர் ஆட்டம் இப்படி முடிந்தது அதுதான் முதல் முறை.

பெல்ட்ரான் மட்டையோடு அப்படியே நிற்பதையும் பாருங்கள்.