கடையின் கம்ப்யூட்டர் திடீரென்று படுத்துவிட்டாலும் வியாபாரம் நிற்காமல் இருக்க என்ன செய்து வைக்க வேண்டும்?

கேட்டவர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். பில், இருப்பு, கடன் கணக்கு எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அந்தப் பயம் சரியான பயம். மதுரையில் எனக்கு மின்சாமான் மொத்தக் கடை. எங்கள் கணக்கும் அப்படித்தான் இருந்தது. பட்டதைச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு ஒரு காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் வெறும் கறுப்புத் திரை. சர்வீஸ் பார்க்கும் தம்பி வந்து பெட்டியைக் கழற்றினார். ஹார்ட் டிஸ்க் உள்ளே டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. "பேக்கப் இருக்குல்ல அண்ணாச்சி?" என்றார். இருந்தது. கணக்குப் பார்க்கும் பெண் தினமும் கடை சாத்தும் முன் பென்டிரைவில் ஏற்றிவிடுவார், ஒரு நாளும் தவறியதில்லை. அதை வேறு கம்ப்யூட்டரில் செருகித் திறந்தோம். ஒரே ஒரு ஃபைல், 2 கேபி. டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டைத்தான், அதாவது கணக்கைத் திறக்க அழுத்தும் படத்தை மட்டும்தான், இரண்டு வருடமாகக் காப்பி எடுத்திருக்கிறார். அந்தப் பிள்ளை அழுதுவிட்டது. தப்பு அவர் மேல் இல்லை. அதை ஒரு தடவையாவது திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத்தான் தோன்றவில்லை.

ஜிஎஸ்டி எண் உள்ள கடைகளுக்குப் போட்ட பில்கள், ஜிஎஸ்டிக்குத் தாக்கல் செய்யும் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1இல் பில் வாரியாக இருந்ததால் போர்ட்டலிலிருந்து எடுத்துக்கொண்டோம். எண் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்கு விற்றது அதில் மொத்தத் தொகையாகத்தான் இருக்கும். பாங்க் வழியாக வந்த பணம் ஸ்டேட்மென்ட்டில் கிடைத்தது. கையில் வாங்கிய ரொக்கத்துக்கு எங்கேயும் தடம் இல்லை. எலக்ட்ரீஷியன்கள் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, "உங்க கணக்குல எவ்வளவு நிக்குது?" என்று நானே கேட்டேன். பல பேர் சட்டைப்பை நோட்டைப் பார்த்துப் பைசா சுத்தமாகச் சொன்னார்கள். அவர்கள் நேர்மையால்தான் கடை நிமிர்ந்தது. கணக்கு நேராக ஐந்து வாரம் ஆயிற்று.

அதனால் நான் முதலில் சொல்வது இதுதான்: பேக்கப் எடுத்தால் போதாது, அதை மீட்டுப் பார்க்க வேண்டும். பெரிய இடத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முக்கியத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். தினசரி பேக்கப் பல நாளாக ஓடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அது ஓடவில்லை என்று எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அப்படியும் சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை, வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பில் பேக்கப்பை ஏற்றிப் பார்க்கிறோம். நேற்றைய கடைசி பில் எண், யாராவது ஒருவரின் நிலுவை, ஏதாவது ஒரு பொருளின் இருப்பு, இந்த மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். இருபது நிமிட வேலை. நகல் ஒன்று கிளவுடில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில். அந்த டிஸ்கை ஏற்றி முடித்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவேன். எப்போதும் செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வரும் நாளில் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

அப்புறம் பில் புத்தகம். கையால் எழுதிய பில் ஜிஎஸ்டியில் செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். செல்லும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை எண்கள் வைத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது. வேறு முன்னெழுத்தில் தனி வரிசை போட்டு, கார்பன் தாளுடன் இரண்டு புத்தகம் அச்சடித்து வையுங்கள். கம்ப்யூட்டர் வந்ததும் அதே எண்ணில் ஏற்றிவிடலாம். உங்கள் மருந்துக் கடை பில்லில் பேட்ச் எண், காலாவதித் தேதி எழுதக் கட்டம் வேண்டும். அட்டையிலேயே எம்ஆர்பி இருப்பதால் விலைப் பிரச்சினை இல்லை. ஆனால் எந்த மருந்து எந்த ரேக்கில் என்ற பட்டியலைத் தாளில் எடுத்து வையுங்கள். (ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால் இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிய வேண்டிய மின் பில்) விதி வரும், ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

கரண்ட் விஷயம் சின்னது. இன்வெர்ட்டர் இருந்தாலும் மாறுகிற நொடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடலாம், அதற்குத் தனி யுபிஎஸ் போடுங்கள். இன்டர்நெட் ரூட்டரையும் அதிலேயே மாட்டுங்கள், பலரும் மறப்பது அதைத்தான். பேட்டரி வாங்கிய மாதத்தை மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

பணம் வாங்குவதற்கு, இரண்டு கியூஆர் அட்டை இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடு முழுக்க யுபிஐயே தடுமாறியது. அன்று எந்த அட்டை வைத்திருந்தாலும் ஒன்றுதான். கல்லாவில் சில்லறை இருக்க வேண்டும். நம்பிக்கையான வாடிக்கையாளருக்கு எழுதிக்கொண்டு மருந்தைக் கொடுத்துவிடலாம்.

எங்கள் கல்லா மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சர்வீஸ் தம்பியின் எண், டேலி (கணக்கு மென்பொருள்) டீலர் எண், லைசென்ஸ் சீரியல் எண், பிராட்பேண்ட் கணக்கு எண் எல்லாம் அதில் இருக்கும். அடியில், கடைசியாகப் பேக்கப்பை மீட்டுப் பார்த்த தேதியை மாதாமாதம் அந்தப் பெண்ணே தன் கையால் எழுதி வைக்கிறார்.