நாலு ஸ்க்ரூ

அன்புள்ள அக்கா,

உங்கள் பையில் அன்றாடம் என்னென்ன இருக்கும்? எந்த போன் வைத்திருக்கிறீர்கள்? படிப்பது காகிதத்திலா, கிண்டிலிலா? வயர்லெஸ் இயர்பட்ஸ் வாங்குவதற்காக மூன்று மாதமாக வீடியோ விமர்சனங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், முடிவுக்கு வர முடியவில்லை. இன்னொன்று. மறைந்த அப்பாவின் காசியோ எஃப்-91டபிள்யூ ஓடாமல் டிராயரில் கிடக்கிறது. பழைய பிளாஸ்டிக் வாட்ச்தான். தூக்கிப் போட்டுவிட்டு ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாமா?

அன்புள்ள தம்பி,

வந்த வரிசைப்படிதான் பதில் எழுதுவேன். உங்கள் கடிதத்தை முன்னால் எடுத்ததற்குக் காரணம் அந்தக் கடைசி வரிகள். போன வாரம்தான் என் எஃப்-91டபிள்யூவுக்கு செல் மாற்றினேன். அதிலிருந்து வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். போன் எதுவானாலும் எனக்குச் சரி. காகிதமும் உண்டு, கிண்டிலும் உண்டு. விளக்கை விட்டுவிட்டால், கிண்டில் திரை பக்கம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் எடுக்கும், சார்ஜரை வாரக்கணக்கில் மறந்துவிடலாம். பையில் ஒரு நோட்டு, இரண்டு பேனா, வயர் வைத்த இயர்போன்.

இயர்பட்ஸ் பற்றி உங்களைக் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும். மூன்று மாதம்! அவ்வளவு நேரத்தில் எத்தனை பாட்டு கேட்டிருக்கலாம்? சரி, பார்த்த வீடியோக்களில் ஒருவராவது பேட்டரி செத்தபின் அதை எப்படி மாற்றுவது என்று காட்டினாரா? ஒவ்வொரு பட்ஸுக்குள்ளும் இருப்பது மிகச் சின்ன லித்தியம் பேட்டரி. ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கிச் சில நூறு சுற்றுகளில் அது தளர்ந்துவிடும். தினமும் கேட்பவருக்கு இரண்டு மூன்று வருடம். ஸ்பீக்கர் நன்றாக இருக்கும், மைக் நன்றாக இருக்கும், பசை போட்டு ஒட்டிய மூடியைத் திறக்க மட்டும் வழி இருக்காது. அப்படி ஒரு ஜோடி என்னிடமும் கிடக்கிறது. வாங்கிய இடத்தில் கேட்டபோது, "புதுசு வாங்கிக்கோங்க மேடம்" என்றார்கள். அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறோம், அதைத் திறக்கும் உரிமை நமக்கு இல்லையா? ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. சில விலக்குகள் போக, கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி 2027 பிப்ரவரி முதல் செய்தாக வேண்டும். சட்டம் போட்டுத்தான் இதை வாங்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் 1989இல் வந்த அந்தப் 'பழைய பிளாஸ்டிக்' எந்தச் சட்டமும் இல்லாமல் செய்தது. பின்பக்கம் நாலு ஸ்க்ரூ, உள்ளே ஒரு சிஆர்2016 பட்டன் செல், அவ்வளவுதான். ஏழு வருடம் வரும் என்று காசியோ சொல்கிறது. எங்களுடையது எட்டு வருடம் ஓடியது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அது என் அப்பாவின் வாட்ச். 1998இல் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து அவர் அதைத் திறந்தது நினைவிருக்கிறது. மூடியைத் தூக்கியதும் உள்ளேயிருந்த பொடி ஸ்பிரிங் எகிறிவிட்டது. பீப் சத்தம் வருவதற்கான ஸ்பிரிங் அது, அரிசியைவிடச் சின்னது. "யாரும் காலை எடுக்காதீங்க" என்றார். அம்மா, நான், என் தம்பி மூவரும் நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் நின்றோம், அவர் டார்ச்சோடு தரையில் தவழ்ந்தார். கடைசியில் அவர் சட்டைக் கை மடிப்பிலேயே இருந்தது.

2004இல் அவர் போய்விட்டார். 2006இல் வாட்ச் நின்றது. நானும் உங்களைப் போலத்தான் டிராயரில் போட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் மனசு கேட்காமல் திறந்தேன். மூடியின் உள்பக்கம், ஓரத்தில், ஊசி முனையால் கீறி '6-98' என்று இருந்தது. அவர் எட்டு போடும்போது மேல் வட்டம் எப்போதும் சரியாக மூடாது. அதிலும் மூடவில்லை. செல்லைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குக் கீழே இப்போது என்னுடைய கீறல்கள் மூன்று இருக்கின்றன.

தம்பி, உங்கள் அப்பா வாட்சுக்குள் ஒன்றும் எழுதியிருக்காமலும் போகலாம். ஆனால் திறந்து பார்க்காமல் தூக்கிப் போட்டீர்கள் என்றால் எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம். ஸ்மார்ட் வாட்ச் வேண்டுமானால் அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள், யார் தடுக்கிறார்கள்?

சின்ன பிளஸ் முனை ஸ்க்ரூடிரைவரும் ஒரு இடுக்கியும் போதும். புது செல்லைப் போட்டதும் திரையில் ஒன்றும் தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம். உள்ளே 'ஏசி' என்று ஆங்கிலத்தில் எழுதிய புள்ளி ஒன்று இருக்கும். இடுக்கியின் ஒரு முனையை அதிலும் மறு முனையை செல்லின் மேல்புறத்திலும் இரண்டு விநாடி வையுங்கள், உயிர் வந்துவிடும். மூடியை மெதுவாகத் தூக்குங்கள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா