கணினி கேள்வி பதில்: நட்சத்திரம் போட்டும் தடிக்காத எழுத்து

கேள்வி: பாடக் குறிப்புகளை வேர்டில் தட்டச்சு செய்கிறேன். பள்ளிக் கணினியில் திறந்தால் எல்லாம் கலைந்துவிடுகிறது. மார்க்டவுனில் எழுதச் சொல்கிறான் என் மகன். இந்த வயதில் புரோகிராமிங் படிக்க வேண்டுமா?
*ஆசிரியை, தேனி*

பதில்: வேண்டாம் டீச்சர். இதில் புரோகிராமிங்கே கிடையாது. வெறும் எழுத்தால் ஆன மின்னஞ்சலில் ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல இருபுறமும் நட்சத்திரம் போடுவார்கள், பட்டியலுக்கு முன்னால் சிறு கோடு இழுப்பார்கள். அந்தப் பழக்கங்களைத்தான் ஜான் க்ரூபர் என்பவர் 2004-இல் விதிகளாக்கி, மார்க்டவுன் என்ற பெயரில் வெளியிட்டார். வரித் தொடக்கத்தில் # போட்டு ஓர் இடைவெளி விட்டால் தலைப்பு, ## என்றால் துணைத்தலைப்பு. எழுத நோட்பேடே போதும். எழுத்துருவும் பக்க அளவும் கோப்புக்குள் இல்லாததால் கலைய ஒன்றுமில்லை. இந்தப் பகுதியை நானே அப்படித்தான் எழுதி அனுப்புகிறேன்.

ஆனால் கேள்வித்தாளுக்கு வேர்டிலேயே இருங்கள். மதிப்பெண்ணை வலது ஓரத்தில் நிறுத்துவதற்கெல்லாம் மார்க்டவுனில் வழியில்லை. அட்டவணையும் சள்ளை பிடித்த வேலை. தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு அகலம் என்பதால், கட்டங்களைப் பிரிக்கும் | குறிகளை எவ்வளவு ஒழுங்காகப் போட்டாலும் தட்டச்சுத் திரையில் கோணலாகவே தெரியும்.

கேள்வி: மார்க்டவுனில் எழுதிய மின்னூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரம் போட்டால் பெரும்பாலான இடங்களில் எழுத்து தடிக்கிறது. சில இடங்களில் மட்டும் நட்சத்திரங்கள் அப்படியே நிற்கின்றன. உதாரணம்: \*\*“அறம்”\*\*என்ற சொல். ஏன்?
*வாசகர், மதுரை*

பதில்: நல்ல கண் உங்களுக்கு. மார்க்டவுனுக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்ததால் 2014-இல் காமன்மார்க் என்ற பொது வரையறை வந்தது. அதன்படி, முடிக்கும் நட்சத்திரத்துக்கு முன்னால் நிறுத்தற்குறி இருந்து, பின்னால் இடைவெளி இல்லாமல் எழுத்து வந்தால் அது முடிவாகக் கொள்ளப்படாது. ஆங்கிலத்தில் மேற்கோள் குறிக்குப் பின் பெரும்பாலும் இடைவெளிதான் வரும், அவர்களுக்குச் சிக்கலில்லை. நாமோ “அறம்”தான், “அறம்”என்று ஒட்டி எழுதுகிறவர்கள். சீன, ஜப்பானிய மொழிக்காரர்களுக்கும் இதே தலைவலி உண்டு.

நட்சத்திரங்களை மேற்கோளுக்கு உள்ளே தள்ளிவிடுங்கள்: “\*\*அறம்\*\*”என்ற. வேலை முடிந்தது.

இரண்டு எச்சரிக்கைகள். நட்சத்திரத்துக்குப் பதிலாக \_\_ போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கோப்புப் பெயர்களுக்கு நடுவே வரும் அடிக்கோடு குழம்பக் கூடாது என்பதற்காக, சொல்லோடு ஒட்டிய அடிக்கோட்டை காமன்மார்க் கண்டுகொள்ளாது. \_\_அறம்\_\_தான் என்று எழுதினால் கோடுகள்தான் மிஞ்சும். அப்புறம், ஒற்றை நட்சத்திரம் தரும் சாய்வெழுத்து. தமிழ் எழுத்துரு பலவற்றில் சாய்வு வடிவமே இல்லை. உலாவி நிமிர்ந்த எழுத்தையே பிடித்துச் சாய்த்து வைக்கும், பார்க்கச் சகிக்காது. முழுப் புத்தகத்திலும் அதைத் தவிர்த்துவிடச் சொல்வேன்.

கேள்வி: மார்க்டவுனில் குறளை இரண்டு வரியாக எழுதினால் ஒரே வரியாகிவிடுகிறதே?
*மாணவி, திருநெல்வேலி*

பதில்: ஒரே ஒரு என்டரை அது இடைவெளியாகத்தான் எடுத்துக்கொள்ளும். முதல் வரியின் கடைசியில் இரண்டு ஸ்பேஸ் வைக்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாது, சில எடிட்டர்கள் சேமிக்கும்போது அழித்தும்விடும். அதனால் வரிக் கடைசியில் \\ போடுவதே நல்லது.

கேள்வி: எங்கள் சங்கத்தில் கடன் விண்ணப்பம் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போகிறது என்று படம் வரைந்து வைத்திருக்கிறேன். விதி மாறும்போதெல்லாம் முழுப் படத்தையும் திரும்ப வரைகிறேன். எழுத்தாலேயே படம் வரையலாமாமே?
*கூட்டுறவுச் சங்க எழுத்தர், நாமக்கல்*

பதில்: வரையலாம் ஐயா. மெர்மெய்ட் என்று பெயர், 2014-இல் வந்தது. புரோகிராமர்கள் கோப்புகளைப் பகிரும் கிட்ஹப் தளம் 2022 முதல் மார்க்டவுனுக்குள்ளேயே இதைப் படமாகக் காட்டுகிறது. முதல் வரியில் இது ஃப்ளோசார்ட் என்பதையும் மேலிருந்து கீழா, இடமிருந்து வலமா என்பதையும் குறிப்பிட வேண்டும். பிறகு இப்படி:

1["விண்ணப்பம்"] --> 2["சரிபார்ப்பு"]
2 -->|"குறை உண்டு"| 1
2 -->|"சரி"| 3["செயலர்"]

தமிழை மேற்கோளுக்குள் வையுங்கள். நடுவில் ஒரு மேஜை கூடினால் ஓரிரு வரியை மாற்றினால் போதும், அம்புகள் தாமாக இடம் பார்த்துக்கொள்ளும்.

அதிலேதான் வில்லங்கமும். எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்பதை மென்பொருளே முடிவு செய்கிறது. செயலர் பெட்டி நடுவில் கம்பீரமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் நடக்காது. பெட்டிகள் பெருகினால் அம்புகள் நூல்கண்டாகச் சிக்கிக்கொள்ளும், அப்போது படத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். கிளை அலுவலகத்துக்கு வழி காட்டும் வரைபடம் போன்றவற்றைப் பேனாவால் வரைந்து போட்டோ எடுப்பதே மேல்.

கேள்வி: கோப்பு வடிவத்தை மாற்றித் தரும் பாண்டாக், பக்கம் அமைக்கும் ஸீலேடெக் என்ற மென்பொருள்கள் வழியாக மார்க்டவுன் கோப்பைப் பிடிஎஃப் எடுத்தேன். எண்கள் இருக்கின்றன, தமிழைக் காணோம்!
*வாசகர், புதுச்சேரி*

பதில்: ஸீலேடெக்கின் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லை. கோப்பின் தலையில் இரண்டு --- வரிகளுக்கு நடுவே மெயின்ஃபான்ட் என்பதற்கு நோட்டோ செரிஃப் தமிழ் என்று கொடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால், எழுத்துரு விருப்பத்தில் ஸ்கிரிப்ட் தமிழ் என்பதையும் சேருங்கள். இவையெல்லாம் ஆங்கில எழுத்தில்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் ஒரு நட்சத்திரம் போட்டாலே தடிக்கிறதே, மார்க்டவுனில் ஏன் இரண்டு?
*மாணவர், கரூர்*

பதில்: வாட்ஸ்அப் தன் விதியைத் தானே வகுத்துக்கொண்டது தம்பி. மார்க்டவுன் கோப்பை அப்படியே அங்கே ஒட்டாதே.