பழைய ஃபெர்குசனுக்கு நான்கு லைனரையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் தாத்தா காலத்து ஃபெர்குசன் டிஇ-20 டிராக்டர், ஸ்டாண்டர்டு பெட்ரோல் எஞ்சினோடு பல ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) பார்த்த மெக்கானிக், நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒரே மாதிரி, ஆனால் புத்தகக் கணக்கைவிடக் கால் பங்கு குறைவு என்றும், லைனர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்குழாய்), பிஸ்டன் அனைத்தையும் மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறார். மாற்றிவிடலாமா?
– வாசகர், உதகை

பதில்: அவசரப்பட வேண்டாம். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான் என்பதால், தேய்மானமே இல்லாத எஞ்சினும் அங்கே ஏறக்குறைய அந்த அளவு குறைத்தே காட்டும். நான்கும் ஒத்திருப்பது நல்ல அறிகுறி. எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் அதைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுவதும் திறந்து மறுபடி பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்தால் அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டுச் சோதியுங்கள்: அழுத்தம் ஏறினால் ரிங்கிலோ லைனரிலோ தேய்மானம், ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து தாழ்ந்தால், பெரும்பாலும் அவற்றுக்கிடையே ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களை மூடும் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும்.

பிரித்தே ஆக வேண்டுமென்றாலும், இது தண்ணீர் நேரடியாகச் சுற்றும் ஈர லைனர் என்பதால் எஞ்சின் பிளாக்கைக் கோவைக்கு அனுப்பிச் சிலிண்டர் துளையைக் கடைய (போரிங் செய்ய) வேண்டியதில்லை. பிஸ்டனோடு செட்டாக வாங்கிப் பொருத்தலாம். ஆனால் ஹெட்டைக் கழற்றிய பின், லைனர்களைக் கிளாம்ப் போட்டு அமுக்காமல் கிராங்கைச் சுற்றவே கூடாது. லைனர் இம்மியளவு எழும்பினாலும், அடியில் இரண்டிரண்டு லைனருக்குப் பொதுவாக இருக்கும் எட்டு வடிவ கேஸ்கட்டின் பிடி விட்டு, தண்ணீர் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இறங்கிவிடும். அந்த கேஸ்கட் உட்காரும் விளிம்பில் படிந்த துருவையும் சேற்றையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்ட வேண்டும். பட்டறைகளில் பெரும்பாலும் அவசரத்தில் விட்டுப்போவது இந்த வேலையைத்தான். பொருத்தியதும் நேர்விளிம்பும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்து, லைனர் பிளாக்கின் மட்டத்துக்கு மேல் 0.003 முதல் 0.005 அங்குலம் வரை நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். குறைந்தால் புது ஹெட் கேஸ்கட்டும் தாங்காது.

எதையும் வாங்குமுன், மார்கழி, தை உறைபனியின்போது பிளாக்கில் தண்ணீர் வடிக்காமல் இருந்ததா என்று வீட்டில் விசாரித்து, வெளிப்புறத்தில் விரிசல் தேடுங்கள். பிளாக் வெடித்திருந்தால் லைனருக்குச் செலவிடும் பணம் வீண்.