கொள்ளுப்பாட்டியின் சாப்பாட்டு விடுதி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் கொள்ளுப்பாட்டி இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில் சாப்பாட்டு விடுதி நடத்தினார். வாத்தியார்களும் கச்சேரி (அரசு அலுவலக) குமாஸ்தாக்களும் அங்கேயே தங்கிச் சாப்பிட்டார்களாம். பழைய அடங்கலில் தேடினால் அவர் பெயரே இல்லை. வேறு எங்கே தேடுவது?

பதில்: அடங்கல் வயலுக்கான கணக்கு, எந்தச் சர்வே எண்ணில் யார், என்ன பயிர் என்பதற்கு மேல் அதில் கிடைக்காது. விடுதி வீடு நத்தத்தில், அதாவது கிராமத்தின் குடியிருப்பு நிலத்தில், இருந்திருக்கும். எனவே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) ஆன்லைனில் ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகுதான் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளைக் கையால் தேட மனுப் போட வேண்டும். கட்டணம் ஆண்டுக் கணக்கில் என்பதால் முதலில் ஒரு பத்து, இருபது ஆண்டுகளுக்கு மட்டும் கேளுங்கள். அலுவலக எல்லைகள் பலமுறை மாறியிருப்பதால், அந்தக் கிராமம் அப்போது எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பலரும் சறுக்குவது இன்றைய சர்வே எண்ணை மட்டும் எழுதிக் கொடுப்பதில்தான். முன்பு நத்தம் முழுவதற்கும் பெரும்பாலும் ஒரே எண். வீட்டுக்கு வீடு எண் பிரிந்தது பின்னாளில் வந்த நத்தம் நிலவரித் திட்டத்தில். புது எண்ணைக் கொடுத்தால் 'வில்லங்கம் இல்லை' என்று வந்துவிடும். நான்கெல்லையையும் (நான்கு பக்கமும் யார் வீடு, எது தெரு என்பதையும்) தெருப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

அதே அலுவலகத்தில் பெயர்களுக்கென்று முதல் அட்டவணை தனியாக உண்டு. அதில் பாட்டியின் பெயரோடு நிறுத்தாதீர்கள். 'இன்னார் சம்சாரம்' என்றுதான் எழுதியிருப்பார்கள். மாமனார், மைத்துனர், மகன் பெயர்களையும் பாருங்கள். 1937-இன் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டத்துக்கு முன், கூட்டுக் குடும்பச் சொத்தில் விதவைக்குப் பங்கு கிடையாது, ஜீவனாம்சம்தான். அந்த வீடு ஜீவனாம்சப் பத்திரத்தின் மூலம் அவர் கைக்கு வந்திருக்கலாம். அப்படி ஒரு பத்திரம் அகப்பட்டால் அதிர்ஷ்டம்தான்: குடும்பத்தில் யார் யார், எந்த அறை யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்கக்கூடும்.

உயில் பதிவாகியிருந்தால் அது சார்பதிவாளர் அலுவலகத்தின் 3-ஆம் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு யார் மனுப் போட்டாலும் நகல் தருவார்கள். நூறு ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு அன்று பதிவு கட்டாயமில்லை. புரோநோட்டுக் கடனும் பதிவாகாது. அதனால் பத்திரம் இல்லை என்பதற்காக வீடு அவருடையது இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

கேள்வி: அவருடைய கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. 'உயரு' என்று அடிக்கடி வருகிறது. தங்கியிருந்தவர் பெயரா?

பதில்: பெயர் இல்லை, எண்! ௨ என்பது 'உ' போலவும், ௰ 'ய' போலவும், ௫ 'ரு' போலவும் தெரியும். ௨௰௫ என்றால் 25. பக்கத்தின் தலையில் தனியாக நிற்கும் 'உ' மட்டும் பிள்ளையார் சுழி. அதை 2 என்று கூட்டிவிடாதீர்கள். ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். ஒருவர் பெயரில் பற்று எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் நிற்கிறது என்று பார்த்தால் அவர் எவ்வளவு காலம் அங்கே சாப்பிட்டார் என்பது தெரிந்துவிடும்.

1-12-6 என்றால் ஒரு ரூபாய், பன்னிரண்டு அணா, ஆறு தம்படி. பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு தம்படி ஓர் அணா; ஆக இன்றைய கணக்கில் சுமார் 1 ரூபாய் 78 காசு. 1.126 என்று கால்குலேட்டரில் தட்டினால் மொத்தமும் கோணலாகிவிடும்.

கேள்வி: அதே நோட்டில் 'தாது௵ தை௴ ௰௨௳' என்று இருக்கிறது. எந்த வருஷம்?

பதில்: ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. தாது வருஷம் 1936 ஏப்ரலில் பிறந்தது. தை மாதம் வரும்போது 1937 ஆகிவிட்டது. எனவே அது 1937 ஜனவரி கடைசி. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். பஞ்சத்தால் பேர்பெற்ற முந்தைய தாது 1876-77. கிழமையும் எழுதியிருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு எது என்று உறுதிசெய்யலாம்.

கேள்வி: ஜனத்தொகைக் கணக்கில் பெயர் இருக்குமா?

பதில்: வெளிநாடுகளில் கிடைப்பதுபோல இங்கே கிடைக்காது. 1948 ஜனத்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் படிவங்களைப் பார்வைக்குத் தரமாட்டார்கள்.