ட்ரெய்லர் பிரேக் மாட்ட 450 டாலரா?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறோம். 2015 டொயோட்டா டண்ட்ரா ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். பின்னால் ஏழு பின் சாக்கெட் இருக்கிறது. மொத்த எடை 5,200 பவுண்டு வரும் கேம்பர் ட்ரெய்லரும் வாங்கியாயிற்று. ட்ரெய்லர் பிரேக்கை வண்டிக்குள்ளிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலரை மாட்டித்தர ஒரு கடையில் 450 டாலர் கேட்கிறார்கள். நானே மாட்டலாமா? ஆன்லைனில் 60 டாலருக்கும் இருக்கிறது, 150க்கும் இருக்கிறது. எதை வாங்க?

பதில்: தாராளமாக மாட்டலாம். பணம் கொடுப்பதற்கு முன் டார்ச்சை எடுத்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கள். டோ பேக்கேஜோடு (கம்பெனியே மாட்டித்தரும் இழுவை வசதி) வந்த டண்ட்ராவில் பெரும்பாலும் பிரேக் பெடல் பக்கமாக, எதிலும் சேராமல் ஒரு கனெக்டர் இருக்கும். கன்ட்ரோலருக்காகவே கம்பெனி விட்டுவைத்தது அது. டண்ட்ராவுக்கென்று விற்கும் ஹார்னஸ், அதாவது இரு முனையிலும் பிளக் உள்ள ஒயர்க்கட்டு, சுமார் 20 டாலர்தான். ஒரு முனை அந்தக் கனெக்டரில், மறுமுனை கன்ட்ரோலரில். ஒயரை வெட்டும் வேலையே இல்லை. உங்கள் கன்ட்ரோலரோடு பொருந்தும் ஹார்னஸ்தானா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். கன்ட்ரோலர் பக்கத்து பிளக் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று போல் இருக்காது.

கனெக்டர் இல்லையென்றால்தான் ஒயரிங். கன்ட்ரோலரிலிருந்து நான்கு ஒயர் வரும். வெள்ளை பேட்டரி மைனஸுக்கு. கறுப்பு, சர்க்யூட் பிரேக்கர் வழியாக பேட்டரி பிளஸுக்கு. இரண்டு ஆக்சில் ட்ரெய்லருக்கு 20 ஆம்பியர் போதும். நீலம், வண்டியின் பின்னால் இருக்கும் ஏழு பின் சாக்கெட்டுக்கு. நான்கு சக்கரத்துக் காந்தங்களும் ஆளுக்கு மூன்று ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும் என்பதால், வீட்டில் கிடக்கும் மெல்லிய ஒயரை வைத்து ஒப்பேற்ற வேண்டாம். 12 கேஜ் ஒயராவது போடுங்கள்.

சிவப்பில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அது பிரேக் பெடல் ஸ்விட்சில், பெடலை மிதித்தால் மட்டும் 12 வோல்ட் வரும் ஒயரோடு சேர வேண்டும். பல வருடம் முன் என் பழைய பிக்கப்பில், கைக்கு எட்டியதே என்று டெயில் லைட் ஒயரில் கொடுத்துவிட்டேன். அந்த வண்டியில் இண்டிகேட்டருக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே பல்பு. அப்புறம் இடது பக்கம் சிக்னல் போடும்போதெல்லாம் ட்ரெய்லர் பிரேக் விட்டு விட்டுப் பிடித்தது. முதுகில் யாரோ தட்டித் தட்டிக் கூப்பிடுவது போல இருக்கும். காரணம் புரிய இரண்டு நாள் ஆனது.

சரி, எதை வாங்குவது? 60 டாலருக்கு வருவது பெரும்பாலும் டைம்-டிலே வகை. நீங்கள் மெதுவாக மிதித்தாலும் ஓங்கி மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். செட் செய்த அளவுக்குப் படிப்படியாக ஏற்றிவிடும். டெகோன்ஷா ப்ராடிஜி பி3 போன்ற ப்ரொபோர்ஷனல் வகை, வண்டி எவ்வளவு வேகமாக நிற்கிறது என்று உணர்ந்து அதே அளவுக்கு ட்ரெய்லரையும் பிடிக்கும். கூலியில் மிச்சம் பிடித்த பணத்தை இதில் போடுங்கள். பிரேக்கே வேண்டாமே என்ற யோசனைக்கு இடமில்லை; டெக்சஸில் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டினால் ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம்.

மாட்டியதும் ஆளில்லாத சமதள ரோட்டில் 25 மைல் வேகத்தில் போய், பெடலைத் தொடாமல் கன்ட்ரோலரின் கை லீவரை முழுதாகத் தள்ளுங்கள். ட்ரெய்லர் சக்கரம் தேய்த்துக்கொண்டு நின்றால் கெயினை (பிரேக் பிடிக்கும் பலத்தின் அளவு) குறையுங்கள், சோம்பலாகப் பிடித்தால் கூட்டுங்கள். தண்ணீர் டேங்க் நிரப்பிய நாளில் மறுபடி ஒரு முறை.

கேள்வி: என் பிக்கப்பில் தட்டையான நாலு பின்தான் உண்டு. ஏழு பின் அடாப்டர் வாங்கினால் ட்ரெய்லர் பிரேக் வேலை செய்யுமா?

பதில்: செய்யாது. நாலு பின்னில் வருவது விளக்குகளும் எர்த்தும் மட்டுமே. அடாப்டரின் பின்பக்கம் ஒரு நீல ஒயர் தனியாகத் தொங்கும், பாருங்கள். அதைக் கன்ட்ரோலர் வரை இழுத்துச் சேர்த்தால்தான் பிரேக்.