கையால் எழுதுவதால் மூளையில் உண்மையிலேயே ஏதாவது மாறுகிறதா?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருந்தார்: எல்லாவற்றையும் போனில் தட்டிவிடும் இந்தக் காலத்தில் பேனா பிடிப்பதால் மூளைக்கு என்ன லாபம்?

நான் மருத்துவர் இல்லை. மலேசியாவில் பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்கக் கணினி முன்னால்தான். கடைசியாக ஒரு முழுப் பக்கம் பேனாவில் எழுதியது எப்போது என்று கேட்டால் யோசிக்க வேண்டும். ஆனாலும் அப்பாவுக்கு நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் எனக்கென்று ஒரு பதில் இருக்கிறது. கையால் எழுதிப் பழகிய எழுத்து மூளையில் கண்ணுக்கு ஓரிடத்திலும் கைக்கு வேறோர் இடத்திலும் பதிந்துவிடுகிறது. ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும். இதைக் கதையாகச் சொன்னால்தான் புரியும்.

அப்பா ஜார்ஜ் டவுனில் முப்பத்தைந்து வருடம் மளிகைக் கடை வைத்திருந்தவர். கடை திறந்ததும் பேப்பர், அப்புறம்தான் தே தாரே (இழுத்து ஆற்றிய பால் டீ). தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றபோது இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு மனசில்லாமல் வேறு பேப்பருக்கு மாறினார். கடையைக் கொடுத்த பிறகும் பேப்பர் மட்டும் நிற்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, பேப்பரை விரித்துப் பார்த்தவர், "என்னடா இது, அச்செல்லாம் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கு" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். அச்சு நன்றாகத்தான் இருந்தது. முந்தின நாள் பேப்பரைக் கொடுத்தேன். அதுவும் பூச்சிதான்.

கண்ணாடி பழசாகிவிட்டது என்று நினைத்தோம். கடைக்குக் கூட்டிப் போய்ப் புதுக் கண்ணாடி போட்டோம், 280 வெள்ளி (ரிங்கிட்). சுவரில் உட்கார்ந்திருந்த ஈயை ஜன்னலில் இருந்தே பார்த்துச் சொன்னார், பேப்பர் மட்டும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து வலது பக்கக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். ஒரே நாளில் மூன்று தடவை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. (இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: நேற்று வரை வாசித்தவர் இன்று திடீரென்று வாசிக்க முடியவில்லை என்றால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாங்கள் அந்த நாட்களை வீணாக்கினோம்.)

பக்கவாதம். கை கால் இழுக்கவில்லை, வாய் கோணவில்லை, பேச்சில் ஒரு குறையும் இல்லை. அடைப்பு மூளையின் பின்பக்கம், இடது புறத்தில். டாக்டர் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்துப் பெயர், முகவரி எழுதச் சொன்னார். அப்பா வீட்டு எண், தெரு, 10300 என்று தபால் எண் வரைக்கும், கடைக் கணக்கு எழுதும் அதே சாய்ந்த கையெழுத்தில் கடகடவென்று எழுதினார். கீழே தமிழிலும் பெயர் எழுதினார். டாக்டர் தாளை அவர் பக்கம் திருப்பி, "இப்போது வாசியுங்கள்" என்றார்.

அப்பா தாளைப் பார்த்தார். அரை நிமிடம் இருக்கும். "இப்பதானே எழுதினேன். என்னன்னு தெரியலயே."

எழுத வருகிறது, தான் எழுதியதையே வாசிக்க வரவில்லை. நான் அது வரைக்கும் வாசிப்பும் எழுத்தும் ஒரே சரக்கு, ஒன்று உள்ளே வருவது, மற்றது வெளியே போவது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அன்றிரவு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து தேடியபோதுதான் இது புதிதல்ல என்று தெரிந்தது. ஜூல் டெஜெரின் என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் 1892லேயே இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மனிதரும் எழுதுவார், எழுதியதை வாசிக்க மாட்டார். சில வருடம் கழித்து இரண்டாவது தாக்குதல் வந்து எழுத்தும் போய், இறந்துபோனார். மூளையைத் திறந்து பார்த்த டெஜெரின் பழைய காயத்தையும் புதிய காயத்தையும் பிரித்துக் காட்டினார்.

எங்கள் டாக்டர் விளக்கியது இப்படி. இடது பின்பக்கம் அடிபட்டதால் வலது பக்கக் காட்சி போய்விட்டது (கதவு நிலையின் கதை அதுதான்). இடது பக்கக் காட்சி மூளையின் வலது பாதிக்கு ஒழுங்காகப் போகிறது. ஆனால் எழுத்தை எழுத்தென்று அடையாளம் காணும் இடமும் மொழியும் இருப்பது இடது பாதியில். வலது பாதி பார்த்ததை இடதுக்குக் கொண்டுபோகும் நரம்புக் கற்றை பின்முனையில் அறுந்துவிட்டது. பாலம் உடைந்துவிட்டது, இரண்டு கரையும் நன்றாக இருக்கின்றன. எழுதுவதற்கு அந்தப் பாலம் தேவையில்லை. மொழியும் வலது கையை ஆட்டுவிக்கும் பகுதியும் இடது கரையிலேயே இருக்கின்றன.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வேடிக்கை. அப்பாவிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய 555 புத்தகங்கள் இருக்கின்றன. மலேசியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: அட்டையில் 555 என்று போட்ட, சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்ன நோட்டு. கடனுக்குச் சாமான் வாங்கினால் அதில்தான் எழுதுவார்கள். மலாயில் 'பூக்கு தீகா லீமா' என்பார்கள். அதைப் புரட்டிய அப்பா, "முப்பத்தெட்டு வெள்ளி ஐம்பது காசு" என்று பளிச்சென்று வாசித்தார். எண்கள் தெரிந்தன! டெஜெரினின் நோயாளிக்கும் எண்கள் மிஞ்சின என்று பிறகு படித்தேன். ஆக, பாக்கி எவ்வளவு என்று தெரிகிறது, யார் பாக்கி என்று தெரியவில்லை. ஒரு கடைக்காரருக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்.

வழியைக் கண்டுபிடித்தது அவரேதான், பயிற்சி கொடுக்க வந்தவர்கள் இல்லை. எங்கள் பழைய கடைக்குப் பக்கத்துக் கடைத் தவுக்கே (முதலாளி) ஒரு சீனர். பெயரைச் சொன்னால் "எந்த எழுத்து?" என்று கேட்டுவிட்டு, உள்ளங்கையில் விரலால் கோடு இழுத்துக் காட்டுவார். சீனத்தில் ஒரே மாதிரி ஒலிக்கும் எழுத்துகள் ஏகப்பட்டவை, அதனால் அவர்களுக்கு அது பழக்கம். அப்பா அதை முப்பத்தைந்து வருடம் பார்த்திருக்கிறார். ஒரு மத்தியானம் 555ஐ மேசையில் வைத்து, அதிலிருந்த பெயரின் மேல் ஆள்காட்டி விரலால் இழுக்க ஆரம்பித்தார். கண்ணுக்கு அது வெறும் கோடு. கோட்டைத் தொடர்ந்து விரல் போனது. "கொம்பு... இது ச... செ." அப்புறம் ல். அப்புறம் லை. "செல்லையா! முப்பத்தெட்டு அம்பது இவனா?"

விரல் அசைந்த உணர்வு இடது பாதிக்கே நேராகப் போய்ச் சேர்கிறது. அங்கே கை எழுத்தைத் தெரிந்துகொண்டு மொழிக்குச் சொல்லிவிடுகிறது. ஹோவர்ட் எங்கல் என்ற கனடா துப்பறியும் நாவலாசிரியருக்கும் 2001இல் இதே பாதிப்பு வந்தது. அவர் வாய்க்குள் நாக்கால் எழுத்துகளை வரைந்து வாசிக்கப் பழகிக்கொண்டார். அப்பாவிடம் சொன்னேன். "நாக்கெல்லாம் எதுக்கு, விரல்தான் இருக்கே" என்று முடித்துவிட்டார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். எழுத்து மனிதனுக்கு வந்து ஐயாயிரம் வருடம் சொச்சம்தான். அதற்குள் மூளையில் எழுத்துக்கென்று தனி உறுப்பு முளைத்திருக்க முடியாது. முகத்தையும் பொருளையும் அடையாளம் காண இருந்த இடத்தில் ஒரு மூலையை எழுத்து வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது. அதனால் எழுதப் படிக்கக் கற்கும் ஒவ்வொருவர் மூளையிலும் இந்த வேலை புதிதாக நடந்தாக வேண்டும். வளர்ந்த பிறகு கற்றாலும் நடக்கும். கொலம்பியாவில் ஆயுதத்தைக் கீழே வைத்த முன்னாள் போராளிகள் பெரியவர்களான பிறகு எழுதப் படிக்கக் கற்றார்கள். எழுத்தறிவு இல்லாதவர்களின் மூளையோடு ஒப்பிட்டபோது மூளையின் அமைப்பிலேயே வித்தியாசம் தெரிந்தது. அந்த ஆய்வு 2009இல் வெளியானது.

கையின் பங்கு இன்னும் சுவாரசியம். 2003இல் பிரான்சில் மரியேக் லோங்கோம் குழுவினர், வலது கைக்காரர்களை ஸ்கேனருக்குள் படுக்க வைத்து எழுத்துகளை வெறுமனே காட்டினார்கள். கை அசையவே இல்லை. ஆனாலும் எழுதும்போது வேலை செய்யும் இடது முன்பக்கப் பகுதி ஒன்று விழித்துக்கொண்டது. எழுத்து மாதிரி இருக்கும், ஆனால் யாரும் எழுதிப் பழகாத கிறுக்கல்களைக் காட்டியபோது அது விழிக்கவில்லை. அதாவது நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போதும் உங்கள் கை உள்ளுக்குள் லேசாக எழுதிக்கொண்டிருக்கிறது.

என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு. நான் டேப்லெட்டில் ஒரு செயலி வாங்கிக் கொடுத்திருந்தேன்; புள்ளி வைத்த எழுத்தின் மேல் விரலை இழுத்தால் மணி அடிக்கும், நட்சத்திரம் கொட்டும். அவள் ஆசிரியையோ நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ஞ எழுதச் சொல்கிறார். பழைய காலத்து ஆள் என்று மனசுக்குள் கொஞ்சம் சலித்துக்கொண்டேன். பிறகு காரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரின் 2012 ஆய்வைப் படித்தேன். இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் சில எழுத்துகளைத் தானாக எழுதிப் பார்த்தார்கள், சிலவற்றைப் புள்ளிக் கோட்டின் மேல் இழுத்தார்கள், சிலவற்றைத் தட்டினார்கள். பிறகு ஸ்கேனில் பார்த்தால், வாசிப்புக்கான வலைப்பின்னல் எழுந்தது தானாக எழுதிய எழுத்துகளுக்குத்தான். காரணமாக அவர்கள் சொல்வது, பிள்ளை எழுதும் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு மாதிரி கோணலாக வருகிறது. அத்தனை கோணலையும் பார்த்துத்தான் மூளை இதுதான் ஞ என்று பிடித்துக்கொள்கிறது. என் மகளின் ஞ ஒன்று பூனை மாதிரி இருக்கும், ஒன்று கெட்டில் மாதிரி. நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன். ஆசிரியையிடம் மனதார மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் செயலிக்குச் சந்தாவை நிறுத்தினேன்.

இனித் தட்டச்சு. இங்கே கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். 'கையால் எழுதினால் மூளை பல மடங்கு வேலை செய்யும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை அப்படியே விழுங்க வேண்டாம். 2014இல் முல்லரும் ஓப்பன்ஹைமரும், மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் சொன்னதைச் சொன்னபடி தட்டிவிடுகிறார்கள், அதனால் கருத்துக் கேள்விகளில் பின்தங்குகிறார்கள் என்றார்கள். ஊரெல்லாம் பேசியது. பிறகு வேறு குழுக்கள் அதையே திரும்பச் செய்தபோது வித்தியாசம் அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. 2024இல் நார்வேயில் 36 மாணவர்களின் தலையில் 256 மின்முனைகளை மாட்டிப் பார்த்தார்கள்; கையால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கு இடையே தொடர்பு கூடுதலாகத் தெரிந்தது, அது உண்மை. ஆனால் தட்டும்போது ஒரே ஒரு விரலால்தான் தட்ட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். நாம் யார் அப்படித் தட்டுகிறோம்? நினைவில் நின்றதா என்றும் அந்த ஆய்வு சோதிக்கவில்லை. பெரியவர்களுக்குத் தட்டச்சு மூளையைக் கெடுக்கும் என்று நான் நம்பவில்லை. எழுத்தை முதன்முதலில் கற்கும் வயதில் மட்டும் கைக்கு மாற்று இல்லை என்று நம்புகிறேன். என்னோடு வேலை செய்யும் சீன நண்பர்கள் ஒலியைத் தட்டி எழுத்தைப் பட்டியலில் தேர்ந்தெடுத்தே பழகிவிட்டார்கள். பேனாவைக் கொடுத்தால் சாதாரண எழுத்துக்கே கை நின்றுவிடுகிறது என்கிறார்கள். பார்த்தால் தெரியும், எழுத வராது. அப்பாவுக்கு நேர் எதிர்.

தூக்கத்துக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பைக் கேட்டு ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். படுக்கும் முன் ஐந்து நிமிடம் நாளைய வேலைகளைப் பட்டியல் போட்டவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள் என்று 57 பேரை வைத்துச் செய்த ஒரு 2018 ஆய்வு சொல்கிறது. சின்ன ஆய்வுதான். நானும் அப்பாவின் எழுதாத 555 ஒன்றைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். எனக்கு வேலை செய்கிறது.

அப்பா இப்போது பேப்பரில் தலைப்புகளை மட்டும் தொடையில் விரலால் எழுதி எழுதி வாசிக்கிறார். ஒரு பக்கத்துக்கு ஒரு காலை ஆகிவிடுகிறது. சந்தைக்கு நான் போகும்போது சாமான் பட்டியல் எழுதித் தருவது இன்னும் அவர்தான், விட்டுக்கொடுக்க மாட்டார். போன ஞாயிறு லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பும்போது மூன்றாவது வரி எனக்குப் புரியவில்லை. சாய்ந்த கையெழுத்து, வயசில் இன்னும் சாய்ந்துவிட்டது.

"இது என்னப்பா?"

தாளை வாங்கிப் பார்த்தார். "எனக்கென்ன தெரியும். நான் எழுதினதுதானே" என்று சிரித்துவிட்டு, தாளை மேசையில் வைத்து விரலை ஓட்டினார். ம. ல். லி.

"மல்லி."

"எவ்வளவு?"

"அரைக் கிலோன்னு போட்டிருக்குல்ல. நம்பர் கூடவா வாசிக்கத் தெரியாது உனக்கு?"